சைட் கைக்கு வராமல் கெடு மட்டும் ஓடினால்: புது கான்ட்ராக்டர் செய்ய வேண்டியவை

ஒர்க் ஆர்டர் வந்துவிட்டது. இடத்துக்குப் போனால் நடுவில் இ.பி. கம்பம், ஓரத்தில் யாரோ போட்ட கொட்டகை. உதவிப் பொறியாளரிடம், அதாவது ஏ.இ.யிடம் கேட்டால், "நீங்க ஆரம்பிங்க, பாத்துக்கலாம்" என்பார். புதியவர்கள் சறுக்குவது இங்கேதான்.

1. கையெழுத்துக்கு முன்பே, இடம் எப்போது கிடைக்கும், முழுதாகவா பகுதி பகுதியாகவா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். கட்டுமான வேலைகளுக்கான சர்வதேச மாதிரி ஒப்பந்தமான 1999-ம் ஆண்டு ஃபிடிக் சிவப்புப் புத்தகத்தில் இது பிரிவு 2.1. இடம் தாமதமானால் கால நீட்டிப்பு, செலவு, நியாயமான லாபம் மூன்றும் கேட்கலாம். ஆனால் 28 நாளுக்குள் நோட்டீஸ் தர வேண்டும். அரசு ஒப்பந்தங்கள் பலவற்றில் 'நீட்டிப்பு மட்டும், நஷ்டஈடு கிடையாது' என்று ஒரு வரி இருக்கும். அப்படியிருந்தால் ரேட் போடும்போதே யோசியுங்கள்.

2. ஒப்படைக்கும் நாளில் ஏ.இ.யோடு சைட்டை நடந்து பாருங்கள். தேதியோடு போட்டோ எடுங்கள்.

3. அன்றைக்கே கடிதம். நீட்டி முழக்க வேண்டாம் (0/400 என்றால் தொடக்கத்திலிருந்து 400-வது மீட்டர்):

"0/000 முதல் 0/400 வரை இடம் கிடைத்தது. 0/400 முதல் 0/650 வரை கொட்டகையும் இரண்டு மின்கம்பங்களும் இருப்பதால் கிடைக்கவில்லை. இந்தத் தாமதத்துக்கான கால நீட்டிப்பும் நஷ்டஈடும் கோரும் உரிமையைத் தக்கவைத்துக்கொண்டே இடத்தைப் பெற்றுக்கொள்கிறோம்."

தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள்.

அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். காலக்கெடு முக்கியமான ஒப்பந்தத்தில், தாமதமாக வந்ததை ஏற்கும்போதே நஷ்டஈடு கேட்கப்போவதாகத் தெரிவிக்காவிட்டால் பிறகு கேட்க முடியாது என்கிறது 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 55. அதற்கு முந்தைய பிரிவு 54-ல் நம் தொழிலையே உதாரணம் காட்டியிருக்கிறார்கள்: சாரமும் மரமும் தருவதாகச் சொன்னவர் தராமல், அதனால் வேலை நடக்காமல் போனால், கட்டுபவர் வேலையைச் செய்ய வேண்டியதில்லை, தராதவர்தான் நஷ்டஈடு கொடுக்க வேண்டும். இடம் தராததற்கும் இதே நியாயம்தான்.

4. தடைப் பதிவேட்டில், அதாவது ஹிண்ட்ரன்ஸ் ரிஜிஸ்டரில், தடை தொடங்கிய தேதியும் நீங்கிய தேதியும் ஏறட்டும். இரு தரப்புக் கையெழுத்தும் வேண்டும். சும்மா நின்ற ஜேசிபி வாடகை, ஆள் கூலி, டீசல் பில் எல்லாவற்றையும் தனி ஃபைலில் போடுங்கள்.

5. கால நீட்டிப்பு கேட்கும்போது 'கூடுதல் தொகை எதுவும் கோரமாட்டேன்' என்று ஒரு தாளை நீட்டுவார்கள். சரி, பில் வரட்டும் என்று பலரும் போட்டுவிடுகிறார்கள். அதில் கையெழுத்திடும் முன் வக்கீலிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.