தண்ணீர் ரொக்கெட்: மூக்கில் பாரம் வைக்கப் பயப்படாதீர்கள்

போன கிழமை முற்றவெளியில் நாலைந்து பொடியன்கள் தண்ணீர் ரொக்கெட் விட்டுக்கொண்டு நின்றார்கள். சோடாப் போத்தலில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, பம்மால் காற்றடித்து, தண்ணீர் பின்னுக்குப் பீச்சும் வேகத்தில் பறக்கவிடுவதுதான் அது. ஏழு தரம் விட்டார்கள். ஏழு தரமும் அது எழும்பி, பாதிவழியில் குத்துக்கரணம் அடித்துக் கிட்டவே விழுந்தது. "இன்னும் பம் அடி" என்பதுதான் ஒவ்வொரு தரமும் அவர்கள் கண்ட வைத்தியம். நானும் இரண்டு வருடம் அப்படித்தான் பம் அடித்தேன்.

கசிவைப் பார், போத்தலை நிரப்பி விடாதே என்பதெல்லாம் முதல் நாளே விளங்கிவிடும். அவற்றை விட்டு மற்றப் பிழைகளைச் சொல்கிறேன்.

மூக்கில் பாரம் வைக்கப் பயப்படுவது

இலேசாக இருந்தால்தான் தூரம் போகும் என்ற நினைப்பு இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தருகிறது. ஒரு பஞ்சையும் ஒரு புளியங்கொட்டையையும் எறிந்து பாருங்கள். எது தூரம் போகிறது? தண்ணீர் ஒரு நொடிக்குள் வெளியேறிவிடும். மிச்ச வழி முழுவதும் வெறும் போத்தல்தான் காற்றை வெட்டிப் போகவேண்டும்.

நான் மூக்கை வெட்டி வெட்டி இலேசாக்கினேன், தடித்த செட்டைகளாகப் பார்த்து வாலில் ஒட்டினேன். பாரமெல்லாம் பின்னுக்குப் போனது. ஒருநாள் பட்டம் கட்டும் வல்வெட்டித்துறை அண்ணை ஒருவர் அதை வாங்கி, சமநிலையாகத் தொங்கும் இடத்தில் நூலைக் கட்டித் தலைக்கு மேலே சுழற்றினார். வால் முன்னுக்கு வந்தது. "தம்பி, முன்பாரம் காணாது. பட்டத்துக்கு முச்சை பார்க்கிறாய், இதுக்குப் பார்க்கேல்லையோ?" என்றார். முச்சை என்பது பட்டம் சரியாக நிற்கும்படி பார்த்துக் கட்டும் நூல்கட்டு.

பொலித்தீனில் சுற்றிய 70 கிராம் களிமண்ணை மூக்குக்குள் வைத்துத் திரும்பச் சுழற்றினோம். மூக்கு முன்னுக்கு வந்தது. அதே தண்ணீர், அதே அமுக்கம். காலடியால் அளந்து 30 எட்டில் விழுந்த ரொக்கெட் 80 எட்டைத் தாண்டியது.

நூல் கட்டிய அந்த இடம்தான் புவியீர்ப்பு மையம். ரொக்கெட்டின் பக்கத்தோற்றத்தை மட்டையில் வெட்டி விரலில் நிறுத்துங்கள். அது சரியாமல் நிற்கும் இடம் ஏறத்தாழ அமுக்க மையம், அதாவது காற்றின் தள்ளுகை ஒன்றுசேரும் இடம். புவியீர்ப்பு மையம் அதற்கு ஒரு போத்தல் அகலமாவது முன்னுக்கு இருக்கவேண்டும். இதையெல்லாம் வெறும் போத்தலில் பாருங்கள், தண்ணீரோடு பார்த்தால் கணக்குப் பிழைக்கும்.

அதற்காக அளவில்லாமல் களிமண்ணை அடையவும் கூடாது. பத்துப் பத்துக் கிராமாகக் கூட்டி, ஒவ்வொன்றுக்கும் மூன்று தரம் விட்டு, எட்டுக் கணக்கைக் கொப்பியில் எழுதுங்கள்.

ஒரேயடியாக எல்லாவற்றையும் மாற்றுவது

தண்ணீரையும் செட்டையையும் சரிவையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. தண்ணீர் மூன்றில் ஒரு பங்கு, அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தல் என்று பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்றுங்கள். தென்மேல் காற்று வீசும் சோளகக் காலத்தில் விடியவே விடுங்கள். பின்னேரக் காற்றில் எடுத்த அளவை நம்பமுடியாது.

ஏவும் சரிவு: 45 பாகை

அங்கே தொடங்கி, ஐந்து பாகை கூட்டியும் குறைத்தும் பாருங்கள்.

சூடான கம்மால் செட்டை ஒட்டுவது

போத்தல் இளகிவிடும். ஒட்டும் ரேப் (tape) போதும்.

தண்ணீர்ப் போத்தல்

வேண்டாம். சோடாப் போத்தல் மட்டும்.

ரொக்கெட் ஏவும் தாங்கியிலிருந்து கழராமல் நின்றால்

கிட்டப் போகாதீர்கள். தூர நின்றே காற்றை இறக்க, பம் பக்கத்தில் ஒரு வால்வை முதலே பூட்டி வையுங்கள்.