ரேலி மார்ஷல்களுக்கு: வண்டி எண்ணை ஸ்டார்ட் வரிசையில் எழுதுங்கள்

கார் ரேலியில் பாதையோரம் நின்று கார்களைக் கண்காணிக்கும் மார்ஷலா நீங்கள்? முதல் கார் வருவதற்கு முன்பே, வண்டி எண்களை ஸ்டார்ட் ஆகும் வரிசைப்படி மேலிருந்து கீழாக ஒரு தாளில் எழுதி வையுங்கள். கார் கடந்ததும் எண்ணுக்கு நேராக மணி, நிமிடம் மட்டும் குறித்தால் போதும். பால்பாயிண்ட் வேண்டாம், பென்சில்தான். சிக்மகளூர் காப்பித் தோட்டப் பாதைகளில் மழை பிடித்தால் நனைந்த தாளில் பேனா எழுதாது.

ஸ்டேஜில், அதாவது நேரம் கணக்கிட்டு ஓட்டும் மூடிய பாதையில், கார்கள் ஒன்றிரண்டு நிமிட இடைவெளியில்தான் கிளம்பும். அதனால் 14 போய், 15 வராமல் 16 வந்துவிட்டால், தாளில் காலியாக நிற்கும் கட்டமே சொல்லிவிடும். உடனே வயர்லெஸ்ஸில் "15 வரவில்லை, 16 கடந்தது, மணி இத்தனை" என்று கண்ட்ரோலுக்கு (ரேலியின் கட்டுப்பாட்டு அறைக்கு) சொல்லுங்கள். முந்தைய போஸ்ட்டில் (மார்ஷல் நிற்கும் இடத்தில்) 15 பதிவாகியிருந்தால், கார் நின்றிருப்பது இரண்டு போஸ்ட்டுக்கும் நடுவில் என்பது உறுதி. புதருக்குள் கவிழ்ந்த காரில் இருப்பவர்களுக்கு அந்த ஒரு தகவல் உயிர் காக்கும். தேடிக்கொண்டு நீங்களே பாதையில் இறங்கி ஓடாதீர்கள், அடுத்த கார் வந்துகொண்டிருக்கும்.

பஞ்சர் ஆகி டயர் மாற்றும் காரைப் பின்னால் வருவது முந்திவிடலாம். அதனால் வரிசை மாறினாலே விபத்து என்று முடிவு கட்ட வேண்டாம், ஆனால் தகவலைச் சொல்லத் தயங்கவும் வேண்டாம். இரண்டாம் நாள் ஸ்டார்ட் வரிசை மாறக்கூடும், புதுப் பட்டியல் கேட்டு வாங்குங்கள். இரண்டு கார்கள் ஒரே நேரத்தில் ஓடும் சூப்பர் ஸ்பெஷல் ஸ்டேஜுக்கு இந்த முறை ஒத்துவராது.