அமெரிக்கக் கடற்படை: விமானப் பராமரிப்பு மாலுமி அதிகாரியாவது எப்படி?

மாலுமியாகச் சேர்ந்து அதிகாரியாக உயர்ந்தவரை அமெரிக்கக் கடற்படையில் ‘மஸ்டாங்’ என்பார்கள். விமானப் பிரிவில் அந்த நிலையை எட்டப் பல வழிகள் உண்டு. எந்த வழி என்பதைச் சேர்ந்த முதல் சில ஆண்டுகளுக்குள் முடிவு செய்துவிடுங்கள். விமானி ஆக ஆசைப்படுபவருக்கு வயது வரம்பு கறாரானது, தள்ளிப்போட்டால் அந்த வாசல் மூடிவிடும்.

விமானி ஆகப் பட்டம் வேண்டும். பட்டம் வைத்திருப்பவர் ரோட் ஐலண்ட் மாநிலத்து நியூபோர்ட்டில் உள்ள அதிகாரிப் பயிற்சிப் பள்ளிக்கு நேரே விண்ணப்பிக்கலாம். பட்டம் இல்லாதவருக்கு எஸ்.டி.ஏ.-21 என்ற, மாலுமியைப் படிக்கவைத்து அதிகாரியாக்கும் திட்டம் இருக்கிறது. அதில் மாலுமிச் சம்பளம் தொடர்ந்து வரும், கல்விச் செலவுக்கு ஆண்டுக்கு 10,000 டாலர் வரை கிடைக்கும், 36 மாதத்தில் பட்டத்தை முடித்தாக வேண்டும்.

பட்டமே இல்லாமல் தொழிலறிவை வைத்தே அதிகாரியாகும் வழிகள் இரண்டு: எல்.டி.ஓ. எனப்படும் வரையறைப் பணி அதிகாரி, தலைமை வாரண்ட் அதிகாரி. இவர்கள் வேலை பெரும்பாலும் பறப்பதல்ல. பராமரிப்பு, ஆயுதம், விமானத் தள நிர்வாகம். எல்.டி.ஓ. பதவி 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. அதற்கு முன்பும் இப்படி உயர்ந்தவர்கள் உண்டு. 1926-இல் மாலுமியாகச் சேர்ந்த ஜான் ஃபின், விமான ஆயுதப் பிரிவில் சீஃப் (மாலுமிகளில் மூத்த நிலை, ஈ-7) ஆகி, 1941 டிசம்பர் 7 அன்று ஹவாயில் ஜப்பான் நடத்திய தாக்குதலின்போது காட்டிய வீரத்துக்காக, அமெரிக்காவின் உயரிய வீர விருதான ‘மெடல் ஆஃப் ஹானர்’ பெற்றார். 1942-இல் அதிகாரியாகி, 1956-இல் லெப்டினன்டாக ஓய்வு பெற்றார்.

எல்.டி.ஓ.வுக்கு நெடுங்காலம் இருந்துவந்த அளவு 8 முதல் 14 ஆண்டு சேவை. சீஃபுக்கு ஒரு படி கீழான ஈ-6 நிலையில் இருப்பவர் சீஃப் தேர்வுக்குழுவின் பரிசீலனைக்குத் தகுதி பெற்றிருக்க வேண்டும். வாரண்ட் வழி சீஃப்களுக்கு உரியது, கூடுதல் சேவை கேட்கும். எண்கள் மாறக்கூடியவை, எனவே அந்தந்த ஆண்டில் கடற்படை முழுவதற்கும் வெளியாகும் நேவ்அட்மின் அறிவிப்பை வரி வரியாகப் படியுங்கள். பழைய அறிவிப்பை நம்பி ஒரு வருடத்தை இழந்தவர்கள் உண்டு.

இனி உண்மையான உழைப்பு. கிரேட் லேக்ஸில் அடிப்படைப் பயிற்சி, பென்சகோலாவில் தொழிற்பயிற்சி, அதன்பின் ஸ்குவாட்ரன் எனப்படும் விமானப் படைப்பிரிவு. அங்கே ஏறவேண்டிய ஏணியின் படிகள் கையெழுத்துகளே. முதல் படி பிளேன் கேப்டன், அதாவது பழுப்புச் சட்டைக்காரர். சக்கரக் கட்டை, தளத்தோடு பிணைக்கும் சங்கிலி, எண்ணெய் அளவு, காற்று உள்வாயில் கிடக்கும் சிறு திருகு வரை விமானியிடம் ஒப்படைக்கும்முன் அவர்தான் பார்க்கிறார். அடுத்தது சி.டி.ஐ., சொந்தப் பட்டறையின் வேலையைச் சோதித்துக் கையெழுத்திடுபவர். அதற்கும் மேலே, தர உறுதிப் பிரிவில் அமரும் கியூ.ஏ.ஆர். உச்சியில் ‘சேஃப் ஃபார் ஃப்ளைட்’ அதிகாரம்: இந்த விமானம் இன்று பறக்கலாம் என்று பராமரிப்புக் கட்டுப்பாட்டு அறையில் ஒப்பமிடும் பொறுப்பு. தேர்வுக்குழு உங்களிடம் தேடுவது இதைத்தான். விமான அனுமதி வரை போகாத விண்ணப்பம் பலவீனமானது.

இந்த ஏணியில் ஆள் சறுக்குவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, கண்ணால் பார்க்காத வேலைக்குக் கையெழுத்திடுவது. நள்ளிரவில், விமானம் புறப்பட அரை மணி இருக்கும்போது, நம்பிக்கையான சகா ‘டார்க் வச்சாச்சு’ என்பார், அதாவது நட்டைக் குறித்த அளவுக்கு முறுக்கியாயிற்று என்று. டார்க் ரெஞ்ச் நட்டில் இருக்கும்போது நீங்கள் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். இல்லையென்றால் மறுபடி வைக்கச் சொல்லுங்கள். இரண்டாவது, காணாமல்போன கருவி. வேலை முடிந்ததும் பெட்டியில் ஓர் இடம் காலியாக இருந்தால், உடனே சொல்லிவிட்டு வேலையை நிறுத்த வேண்டும். கருவி கிடைக்கும்வரை, அல்லது அது விமானத்துக்குள் இல்லை என்று உறுதியாகும்வரை, அந்த விமானம் பறக்காது. உடனே சொன்னவர் பெயர் கெடுவதில்லை. பத்து நிமிடம் தானே தேடிப்பார்த்துவிட்டுச் சொன்னவர் பெயர் கெடும், ஏனென்றால் அதற்குள் விமானம் இழுத்துச் செல்லப்பட்டிருக்கலாம்.

வேலை நன்றாக இருந்தால் மட்டும் போதாது, அது காகிதத்தில் தெரிய வேண்டும். ஆண்டு மதிப்பீட்டில் மேல்நிலையான ‘ஈ.பி.’யை (எர்லி ப்ரமோட், விரைவுப் பதவி உயர்வுக்கு உரியவர்) ஒரே நிலையிலுள்ள குழுவில் 20 சதவீதத்தினருக்கு மேல் தர முடியாது. ஈ-6 மதிப்பீடு நவம்பர் 15, சீஃப் மதிப்பீடு செப்டம்பர் 15. உங்கள் குறிப்புகளை ஆறு வாரம் முன்பே கொடுங்கள். ‘கடின உழைப்பாளி’ என்ற வரியால் பயனில்லை. எத்தனை பேரை வழிநடத்தினீர்கள், எத்தனை விமானம், எத்தனை பறப்பு மணி என்று எழுதுங்கள். இடம் மாறிய முதல் மதிப்பீட்டில் புதியவர் கீழே போவது வழக்கம். எனவே மாற்றம் வந்த உடனேயே விண்ணப்பிக்காமல், புதிய இடத்தில் மறுபடி மேலேறியது பதிவாகும்வரை பொறுத்தால் நல்லது.

விண்ணப்பிக்க ஓராண்டு முன்பே உங்கள் பணிப்பதிவைத் திறந்து, மதிப்பீடுகளின் தேதிகள் இடைவெளியின்றித் தொடர்கின்றனவா என்று பாருங்கள். நடுவில் மூன்று மாதம் காணவில்லை என்றாலும் குழுவுக்குச் சந்தேகம் வரும். அதைச் சரிசெய்ய மாதங்கள் பிடிக்கும். நேர்காணலுக்கு, நீங்கள் கேட்கும் பிரிவிலேயே பணியாற்றும் அதிகாரிகளைத் தேடிப் பிடியுங்கள். கட்டளை அதிகாரியின் பரிந்துரையில் ‘இத்தனை பேரில் முதலாமவர்’ என்ற எண் இருந்தால் அதற்குத் தனி எடை.

சம்பளக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். நான்கு ஆண்டுக்கு மேல் மாலுமியாக இருந்தவர் அதிகாரியானால் ஓ-1ஈ என்ற தனி அளவில், அதிகாரிகளில் முதல் நிலையான சாதாரண என்சைனைவிடக் கூடுதலாகப் பெறுவார். ஓய்வு விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். அதிகாரியாக ஓய்வுபெற, மொத்தம் 20 ஆண்டில் 10 ஆண்டு அதிகாரிச் சேவை வேண்டும். சில காலங்களில் இதை 8 ஆகத் தளர்த்தியதுண்டு. 14-ஆம் ஆண்டில் பதவி ஏற்பவர் 24-ஆம் ஆண்டு வரை இருக்கத் தயாராக வேண்டும். குடும்பத்தோடு இதைப் பேசிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

பதவி ஏற்றபின் முதல் ஆண்டில் வரும் கோளாறு ஒன்றே: கை ஸ்பானரைத் தேடும். இப்போது உங்கள் கீழிருக்கும் சீஃப்தான் பட்டறையை நடத்துகிறார். நீங்கள் போய் நட்டை முறுக்கினால் அவருடைய ஆட்கள் அவரைத் தாண்டி உங்களிடம் வரத் தொடங்குவார்கள். காலைக் கூட்டத்தில் எந்த விமானம் எந்த உதிரிபாகத்துக்காக நிற்கிறது, அது எப்போது வரும், அதுவரை எந்த விமானத்தைப் பறக்கவிடலாம் என்பதைச் சீஃபிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, பாகத்தை வரவழைக்கும் வேலையைப் பாருங்கள்.