மின் பொறியியல் முடித்தவர் ராணுவ அதிகாரியாவது எப்படி?

ஈ.இ.இ. (மின், மின்னணுப் பொறியியல்) படித்தவருக்கு மின்வாரியமோ மென்பொருள் நிறுவனமோதான் என்று வீட்டில் முடிவே செய்துவிடுகிறார்கள். முப்படைகளிலும் அதிகாரியாகச் சேரலாம் என்பது பலர் காதுக்கு எட்டுவதே இல்லை.

படி 1: வயதையும் பாடப்பிரிவையும் பாருங்கள்

தரைப்படையின் தொழில்நுட்ப நுழைவுகளுக்கு வயது 20 முதல் 27 வரை. திருமணம் ஆகியிருக்கக் கூடாது. இறுதியாண்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். உங்கள் பாடப்பிரிவின் பெயர் அறிவிப்பில் உள்ள பட்டியலில் அப்படியே இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். பெயர் சற்று மாறினாலும் விண்ணப்பம் நின்றுபோகும்.

படி 2: எந்தப் படை என்று முடிவு செய்யுங்கள்

தரைப்படையில் இரண்டு வாசல்கள். டி.ஜி.சி. (தொழில்நுட்பப் பட்டதாரிகளுக்கான நுழைவு) ஆண்களுக்கு மட்டும், டேராடூனில் பயிற்சி, நிரந்தரப் பணி. எஸ்.எஸ்.சி. டெக் (தொழில்நுட்பக் குறுகிய காலப் பணி) இருபாலருக்கும் உண்டு. முதலில் 10 ஆண்டுகள், விரும்பினால் மேலும் 4 ஆண்டுகள். சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி மையம் இந்த நுழைவுக்குப் பெயர்பெற்றது. படைப்பிரிவுகளில் சிக்னல்ஸ் (தகவல்தொடர்பு), ஈ.எம்.ஈ. (மின்னணு, இயந்திரப் பொறியியல்), இன்ஜினியர்ஸ் ஆகியவை நம் படிப்புக்கு நெருக்கமானவை. ஆனால் உங்களை எங்கே அனுப்புவது என்பதை ராணுவமே தீர்மானிக்கும்.

விமானப்படைக்கு ஏ.எஃப்.கேட் என்ற தேர்வு எழுத வேண்டும். 100 கேள்விகள், இரண்டு மணி நேரம். சரியான விடைக்கு 3 மதிப்பெண், தவறுக்கு 1 குறையும். ஆங்கிலம், கணக்கு, பொது அறிவு, தர்க்கம் ஆகியவைதாம் வரும். மின்சுற்றுப் பாடத்தில் படித்த கிர்ச்சாஃப் விதிக்கு அங்கே வேலையில்லை.

என்னைக் கேட்டால் கடற்படைதான். அங்கே எலெக்ட்ரிக்கல் என்றே தனிக் கிளை இருக்கிறது. நடுக்கடலில் நிற்கும் போர்க்கப்பலுக்கு மின்வாரியம் ஏது? தனக்கான மின்சாரத்தைத் தானே உற்பத்தி செய்து, தானே பகிர்ந்துகொள்ள வேண்டும். ரேடார், சோனார், ஏவுகணைக் கட்டுப்பாடு எல்லாம் அந்த மின்சாரத்தை நம்பியே இயங்குகின்றன. அவற்றைப் பராமரிப்பது இந்தக் கிளை அதிகாரியின் பொறுப்பு. கேரளத்தின் எழிமலையில் உள்ள கடற்படை அகாடமியில் அடிப்படைப் பயிற்சி முடிந்ததும், ஜாம்நகரில் உள்ள ஐ.என்.எஸ். வல்சுராவில் தொழிற்பயிற்சி.

படி 3: விண்ணப்பியுங்கள்

அந்தந்தப் படையின் ஆள்சேர்ப்பு இணையதளத்தில் கட்டணமின்றி விண்ணப்பிக்கலாம், ஏ.எஃப்.கேட்டுக்கு மட்டும் கட்டணம் உண்டு. தரைப்படையின் இந்த நுழைவுகளுக்கு எழுத்துத் தேர்வே கிடையாது. பட்டப்படிப்பு மதிப்பெண்ணை வைத்தே நேர்காணலுக்கு அழைப்பார்கள். அரியர் வைத்திருப்பவர்கள் முதலில் அதை முடியுங்கள்.

படி 4: எஸ்.எஸ்.பி.

அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் பணித் தேர்வு வாரியம் (எஸ்.எஸ்.பி.) நடத்தும் ஐந்து நாள் நேர்காணல் இது. முதல் நாள் வடிகட்டல்: அறிவுத்திறன் சோதனை, பிறகு மங்கலான ஒரு படத்தைப் பார்த்துக் கதை எழுதிக் குழுவாகப் பேசுவது. நான் முதல் முறை போனபோது அந்தப் பேச்சில் வாயே திறக்கவில்லை. மாலையே ரயில் ஏறிவிட்டேன். தேறியவர்களுக்கு உளவியல் சோதனைகள் காத்திருக்கும். 60 சொற்கள் வரும். ஒவ்வொன்றுக்கும் 15 விநாடிகளில் ஒரு வாக்கியம். மனப்பாடம் செய்த வாக்கியங்கள் அந்த வேகத்தில் கைகொடுக்காது. அடுத்து மைதானத்தில் குழுப் பணிகள், தனி நேர்காணல், கடைசி நாள் முடிவு. பொறியியல் பாடத்தை நேர்காணலில் கேட்கலாம். மின்மாற்றி, மோட்டார் இரண்டையும் சொந்த வார்த்தையில் விளக்கப் பழகுங்கள்.

படி 5: மருத்துவப் பரிசோதனை

தகுதியில்லை என்றாலும் மேல்முறையீட்டுக்கு வழியுண்டு. அதன்பின் தகுதிப் பட்டியல் வரும். இடங்கள் குறைவென்பதால், எஸ்.எஸ்.பி.யில் தேறியும் பட்டியலில் விடுபடுவோர் உண்டு. வயது இருக்கும்வரை அடுத்த அறிவிப்புக்கு மறுபடி விண்ணப்பிக்கலாம்.