நிறம் கடைசியில், வால் முதலில்: மொட்டை மாடியிலிருந்து பருந்தும் கிளியும்

எங்கள் வீடு வேளச்சேரியில். வடக்கே கிண்டிக் காடு, தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். பறவை பார்க்கப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: நிறத்தை நம்பாதீர்கள். வெயிலில் தலைக்கு மேலே பறக்கிற எதுவும் கறுப்பாகத்தான் தெரியும். வாலைப் பாருங்கள்.

வட்டமடிக்கிற பெரிய பறவையின் வால் நுனி நடுவில் உள்வாங்கிக் கவையாக இருந்தால் ஊர்ப்பருந்து. வாலை முழுக்க விரித்தால் கவை மறைந்துவிடும், கொஞ்சம் பொறுங்கள். திரும்பும்போது இறக்கை அசையாது. வால் மட்டும் சுக்கான் போல இப்படியும் அப்படியும் முறுக்கும். நுனி வட்டமாக இருந்தால் செம்பருந்து, நாம் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறோமே, அதுதான். வெள்ளைத் தலையும் செங்கல் நிறமும் வளர்ந்த பறவைக்குத்தான் உண்டு. இளம்பறவை பழுப்பாக இருப்பதால் பலர் ஊர்ப்பருந்து என்றே எழுதிவிடுகிறார்கள். அதற்கும் வால் வட்டம்தான். காசிமேட்டுக்குப் போனால் இரண்டையும் ஒரே வானத்தில் வைத்துக் கண்ணைப் பழக்கலாம்.

வைரி என்கிற சிறிய வேட்டைப் பறவையை அணில்தான் காட்டிக்கொடுக்கும். அணில் விடாமல் கத்துகிறதா, மைனாக்கள் சிதறுகின்றனவா, மரக்கிளைகளுக்குள் தேடுங்கள். புறா அளவு, பட்டை போட்ட நீள வால், குட்டையான அகல இறக்கை. படபடவென்று சில அடிப்பு, பிறகு ஒரு மிதப்பு. பொரி வல்லூறு (ஆங்கிலத்தில் peregrine falcon) குளிர்கால விருந்தாளி. கூரிய இறக்கை, உயரமான கோபுரங்களில் உட்காரும்.

கிளிக்குக் காதுதான் முதலில். கீச்சென்ற சத்தம், அடுத்த நொடி நேர்கோட்டில் ஒரு கூட்டம். நம் பச்சைக்கிளி சுமார் 40 செ.மீ., அதில் பெரும்பகுதி வால். கழுத்து ஆரம் ஆணுக்கு மட்டும், அதுவும் சுமார் 3 வயதில்தான் முழுமையாக வரும். ஆரம் இல்லாததை வேறு இனம் என்று குறிக்காதீர்கள். தோளில் சிவப்புத் திட்டு இருந்தால் அது பெரிய பச்சைக்கிளி. நீலப் பைங்கிளி மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டுமே உரியது. சென்னைப் பட்டியலில் அதை எழுதுவதற்கு முன் நன்றாக யோசியுங்கள்.

வாதாங்கொட்டை மரத்தில் கிளி தின்பதை ஒரு தடவை பைனாகுலரில் பாருங்கள். முன்னே இரண்டு, பின்னே இரண்டு விரல். காயைக் காலில் ஏந்தி உருட்டும். மேல் அலகும் தனியாக அசையும். பருந்துக்கு முன்னே மூன்று, பின்னே ஒன்று. ஊர்ப்பருந்து காலில் பிடித்ததைப் பறந்தபடியே குனிந்து கிழிக்கும்.

இரண்டுக்கும் வளைந்த அலகு என்பதால் உறவு என்று நினைத்துவிட வேண்டாம். ஆனால் வல்லூறு கதை வேறு. 2008இல் வந்த பெரிய மரபணு ஆய்வு, வல்லூறுகளுக்குப் பருந்துகளைவிடக் கிளிகளே நெருங்கிய சொந்தம் என்று காட்டியது. எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும் செய்தி அது.

பச்சைக்கிளியின் சொந்த மண் ஆப்பிரிக்காவின் சகாராவுக்குத் தெற்கே உள்ள பகுதியும் இந்தியத் துணைக்கண்டமும். லண்டனில் இன்று திரிகிறவை கூண்டிலிருந்து தப்பியவற்றின் வாரிசுகள். செம்பருந்து இந்தியா முதல் ஆஸ்திரேலியா வரை உண்டு.

பருந்துக்குக் காலை ஒன்பது மணிக்கு மேல், தரை சூடேறிக் காற்று எழும்பும்போது மாடிக்குப் போங்கள். கிளிக்கு அந்திக்குச் சற்று முன். கூண்டில் பச்சைக்கிளி வைத்திருப்பவரைத் தெரிந்தால், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம் என்று தயங்காமல் சொல்லுங்கள்.