ஒரே மனை, மூணு மாடி, பல வாரிசு: உயில் எழுதுவது எப்படி

வடசென்னையில் கொருக்குப்பேட்டையிலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ கால் கிரவுண்டில், அதாவது 600 சதுர அடியில், கீழ்வீடு கட்டி, பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆக ஆக மாடி ஏற்றியவர்களுக்குத்தான் உயில் அவசரமாகத் தேவை. பங்களா வைத்திருப்பவர் எப்படியும் வக்கீலைப் பார்த்துவிடுவார்.

உயில் இல்லாமல் இந்து ஆண் ஒருவர் இறந்தால், அவர் சம்பாதித்த சொத்து 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகள், உயிரோடிருந்தால் இறந்தவருடைய அம்மா, எல்லோருக்கும் சம பங்கு. கட்டிக்கொடுத்த மகளுக்கும் அதே பங்குதான். ‘வீடு அம்மாவுக்குத்தானே’ என்று இருந்துவிட்டால், நாளைக்கு அந்த அம்மா வீட்டை விற்க எல்லோருடைய கையெழுத்தும் வேண்டும். கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டம்: மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. கல்யாணத்துக்கு முன் எழுதிய உயில் அவர்களுக்குக் கல்யாணத்தோடு ரத்தாகிவிடும். முஸ்லிம்கள் பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது.

முதலில் மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மூன்றிலும் யார் பெயர்? இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால் உங்கள் பங்கை மட்டும்தான் எழுதலாம். அரசு வீட்டு வாரியம் ஒதுக்கிய வீட்டுக்கு ஒதுக்கீட்டு ஆணை மட்டும் இருந்து கிரையப் பத்திரம் வாங்கவில்லை என்றால், முதலில் வாரியத்தில் அந்த வேலையை முடியுங்கள்.

வடசென்னை உயில்களில் தகராறு கிளம்பும் இடம் மாடிப் பங்கு. ‘முதல் மாடி மூத்தவனுக்கு, இரண்டாம் மாடி சின்னவனுக்கு’ என்று எழுதி நிறுத்திவிடுவார்கள். மனை யாருக்கு என்று அதில் இருக்காது. கட்டடம் இடிந்தால் மிஞ்சுவது மனைதான். ஆகவே 600 சதுர அடி மனை, மூன்று பிள்ளைகள் என்றால், ஆளுக்கு 200 சதுர அடி பிரிபடாத பாகம் (மனையைத் துண்டு போடாமல் பொதுவில் இருக்கும் பங்கு) என்று எழுதுங்கள். அடுத்து மாடிப்படி, சம்ப், போர் மோட்டார், மெட்ரோ வாட்டர் கனெக்‌ஷன் எல்லாம் பொது என்று போடுங்கள். எந்த ஈபி மீட்டர் யாருக்கு, மோட்டார் எந்த மீட்டரில் ஓடுகிறது, பில்லை எப்படிப் பிரிப்பது என்பதும் வேண்டும். மொட்டை மாடியை மறக்கவே கூடாது. மேலே கட்டும் உரிமை யாருக்கு என்று எழுதாமல் விட்டால், கட்ட நினைக்கும் முதல் ஆளோடு சண்டை ஆரம்பம்.

மீதியைச் சுருக்கமாக எழுதினால் போதும்: அடகுக் கடையில் இருக்கும் நகை, கட்டிவரும் சீட்டு, காசிமேட்டில் படகு இருந்தால் அதன் பதிவு நம்பர், இன்ஜின். பேங்க் டெபாசிட்டுக்கு நாமினி போட்டாச்சே என்று விட்டுவிடாதீர்கள். நாமினி பணத்தை வாங்குகிற ஆள்தான், பணம் வாரிசுகளுக்குரியது. உயிலில் அந்தப் பணத்தை யாருக்கு எழுதுகிறீர்களோ அவரையே நாமினியாகவும் போட்டுவிட்டால் குழப்பமில்லை.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாளே செல்லும். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடுங்கள், தேதி போடுங்கள். நீங்கள் கையெழுத்திடுவதைப் பார்த்த இருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். உயிலில் சொத்து பெறுகிறவரும் அவர் மனைவியோ கணவரோ சாட்சியாக வேண்டாம். உங்களைவிட வயதில் இளையவர்களாகப் பாருங்கள். பிற்பாடு கோர்ட்டில் வந்து சொல்ல ஆள் இருக்க வேண்டுமே. வயதானவர், படுக்கையில் இருப்பவர் என்றால் அன்றைய தேதியில் டாக்டர் சர்டிபிகேட் வாங்கி இணையுங்கள். கைநாட்டு வைப்பவருக்குப் படித்துக் காட்டியதையும் உயிலிலேயே குறிப்பிடுங்கள்.

பதிவு கட்டாயமில்லை, ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுவது நல்லது. ‘அப்பா கையெழுத்தே இல்லை’ என்ற பேச்சு அவ்வளவு சுலபமாக எழாது. பதிந்த உயிலையும் பிறகு மாற்றலாம், செல்லுபடியாவது கடைசியாக எழுதியதுதான். உயிரோடிருக்கும்போதே சொத்தை எழுதிக்கொடுக்கும் தான செட்டில்மெண்ட் அப்படியில்லை. எழுதிப் பதிந்ததும் சொத்து கைமாறிவிடும். மருமகள் முகத்தைப் பார்த்து அவசரப்பட வேண்டாம். சென்னைச் சொத்துக்கு ஹைகோர்ட்டில் பிரொபேட் (உயில் செல்லும் என்று கோர்ட் தரும் சான்று) வாங்குவது நெடுநாள் வழக்கம். இன்று உங்களுக்கு அது தேவையா என்று எழுதும்போதே வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.

ஒரிஜினலை உங்கள் பெயரில் மட்டும் இருக்கும் பேங்க் லாக்கரில் வைக்காதீர்கள். நீங்கள் போன பிறகு லாக்கரைத் திறக்க பேங்கில் பேப்பர் கேட்பார்கள், அந்தப் பேப்பர் லாக்கருக்குள்ளேயே கிடக்கும். உயிலை நிறைவேற்ற நீங்கள் நியமித்தவரிடம் வைக்கும் இடத்தைச் சொல்லி, கையில் ஒரு ஜெராக்ஸ் கொடுத்துவிடுங்கள்.