பச்சை மூடி பாட்டில் கிடைக்காதபோது: மாடல் சிமெண்டுக்கு மாற்றுத் தேடுவோர் செய்யும் தவறுகள்

பிளாஸ்டிக் மாடல்களின் துண்டுகளை ஒட்ட நான் வழக்கமாக வாங்குவது பச்சை மூடி பாட்டிலில் வரும் மாடல் சிமெண்ட். கடையில் அது இருக்கும் தட்டு காலி. "அடுத்த கப்பல்ல வரும்" என்றார் கடைக்காரர். எந்தக் கப்பல் என்று அவருக்கும் தெரியவில்லை. அன்று மாலையே அக்கா மகன் இங்கே சிங்கப்பூரின் யீஷூனிலிருந்து அழைத்தான். பாதி இறக்கை ஒட்டிய மாடல் விமானம் மேசையில் கிடக்கிறதாம். "மாமா, சூப்பர் குளூ போட்டுரவா? ரெண்டும் பசைதானே?"

பாதித் தவறுகள் பிறப்பது அந்த "ரெண்டும் பசைதானே"யில்தான். பேச்சுக்குப் பசை என்கிறோமே தவிர, மாடல் சிமெண்டில் பிசுபிசுப்பே கிடையாது, தண்ணீர் மாதிரி ஓடும். மாடல்களில் பெரும்பாலும் வரும் பிளாஸ்டிக் பாலிஸ்டைரின். அந்தத் துண்டுகள் இரண்டின் விளிம்பையும் அது கரைக்கிறது. கரைந்தவை ஒன்றோடொன்று கலக்கின்றன. பிறகு திரவம் ஆவியாகிப் போய்விட, மிஞ்சுவது ஒரே பிளாஸ்டிக். கொல்லன் இரும்பைப் பற்றவைக்கிற மாதிரி, நெருப்பு மட்டும் இல்லை. அந்தப் பச்சை மூடி பாட்டில், அதாவது 40 மில்லி லிட்டர் டமியா எக்ஸ்ட்ரா தின், அதில் இருப்பவை அசிட்டோனும் பியூட்டைல் அசிட்டேட்டும். அசிட்டோன் சட்டென்று கடித்துவிட்டு ஓடிவிடும். பியூட்டைல் அசிட்டேட் கொஞ்சம் தங்கி, துண்டுகளை நேராக்க நமக்கு நேரம் தரும். ஆகவே மாற்றுத் தேடும்போது எது நன்றாக ஒட்டும் என்று பார்க்கக் கூடாது. என் கையிலிருக்கும் பிளாஸ்டிக்கை எது கரைக்கும், எவ்வளவு வேகமாகக் கரைக்கும் என்று பார்க்க வேண்டும்.

சூப்பர் குளூ எதையும் கரைப்பதில்லை. இடையில் ஒரு கண்ணாடிப் படலம் மாதிரி உறைந்து பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். இழுத்தால் தாங்கும், பக்கவாட்டில் தட்டினால் விண்டுவிடும். பித்தளைத் தகடு, ரெசின் இவற்றுக்கு அதுதான் சரி, இறக்கைக்கு இல்லை. இன்னொரு சங்கதியும் உண்டு. அது காற்றின் ஈரத்தால் இறுகுவது. சிங்கப்பூரில் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல், எனவே நேராக்குவதற்குள் பிடித்துவிடும். சுற்றிலும் விபூதி பூசினாற்போல வெள்ளை படிவதும் உண்டு. விமானி அறையின் கண்ணாடியில் அது படிந்தால் போனது போனதுதான்.

அடுத்த தவறு, நேராக ரசாயனக் கடைக்கு ஓடுவது. பழகிய பாட்டில் இல்லையென்றால் பக்கத்துத் தட்டைப் பாருங்கள். மிஸ்டர் சிமெண்ட் எஸ், ரெவெல் கான்டாக்டா, ஹம்ப்ரோல் எல்லாம் அதே வேலையைச் செய்பவை. கான்டாக்டாவில் ஊசிக் குழாய் இருக்கும், கொஞ்சம் கெட்டியாக வரும், கை பழக ஒரு கிட் (ஒரு மாடல் பெட்டி) ஆகும். ஆரஞ்சுத் தோல் எண்ணெயிலிருந்து வரும் லிமோனின் வகையும் உண்டு. மெதுவாகத்தான் காயும், ஆனால் வீட்டில் யாரும் மூக்கைப் பொத்தமாட்டார்கள். அவசரமில்லாதவர்களுக்கு என் சிபாரிசு அதுதான்.

அதுவும் இல்லையென்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது நகப்பூச்சு நீக்கி. தேக்காவில் எந்தக் கடையிலும் கிடைக்கும், விலையும் சில வெள்ளிதான். ஆனால் அதில் தண்ணீர், வாசனை, நகம் காயாமலிருக்க எண்ணெய் என்று என்னென்னவோ சேர்த்திருப்பார்கள். அந்த எண்ணெய் இணைப்புக்குள் தங்கிவிடும், மேலே பெயின்டும் பிடிக்காது. 'அசிட்டோன் இல்லாதது' என்று போட்டவற்றில் பெரும்பாலும் எத்தில் அசிட்டேட் இருக்கும். அதுவும் பாலிஸ்டைரினைக் கரைக்கும்தான், ஆனால் கூட இருக்கும் சரக்கு அதேதான். சுத்தமான அசிட்டோன் கிடைத்தாலும் தனியாக அது சுமார்தான். துண்டுகளைச் சேர்ப்பதற்குள் பறந்துவிடும். பறக்கும் வேகத்தில் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, இடம் வெளுத்துவிடும். ஏபிஎஸ் என்ற இன்னொரு வகைப் பிளாஸ்டிக்குக்கு மட்டும் நன்றாகவே வேலை செய்கிறது.

ஹார்ட்வேர் கடையின் பிவிசி குழாய்ச் சிமெண்ட் பக்கம் போகவே போகாதீர்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் ஏமாற்றம் இது. அதில் பிவிசி பிசினே கரைந்திருக்கிறது. மெல்லிய பாலிஸ்டைரினைக் கூழாக்கிவிட்டு மேலே ஒரு தடித்த ஆடையும் விட்டுப்போகும். பெயின்டில் கலக்கும் தின்னர் ஓரளவு ஒட்டும், ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி கலவை மாறும். போன தகரத்தில் நன்றாக இருந்தது இந்தத் தகரத்தில் ஆணித்தலை அடையாளங்களையெல்லாம் தின்றுவிடும்.

அக்ரிலிக் பலகை ஒட்டுகிற திரவம் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. பெரும்பாலும் அது டைகுளோரோமீத்தேன் அல்லது குளோரோஃபார்ம். பாலிஸ்டைரின், ஏபிஎஸ், அக்ரிலிக் மூன்றையும் அருமையாகப் பற்றவைக்கும், மறுக்கவில்லை. ஆனால் இரண்டுமே புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் இருப்பவை. நீல நைட்ரைல் கையுறை போட்டால் போதும் என்று நினைப்பார்கள், டைகுளோரோமீத்தேன் அதைச் சீக்கிரமே ஊடுருவிவிடும். மூன்று அறை வீட்டின் சாப்பாட்டு மேசையில் வைத்துச் செய்கிற வேலைக்கு இது வேண்டாம் என்பேன்.

எதுவானாலும் முதலில் கிட்டின் பிளாஸ்டிக் சட்டத்தின் ஓரத்தைப் பாருங்கள். துண்டுகள் தொங்கும் அந்தச் சட்டத்தில் பிஎஸ், ஏபிஎஸ், பிஇ என்று பல கிட்டுகளில் பொறித்திருப்பார்கள். பிஇ (பாலிஎத்திலீன்), பிபி (பாலிபுரொப்பிலீன்) என்றிருந்தால் மேலே சொன்ன எதுவும் பிடிக்காது. ரோபோ மூட்டுகளில் வரும் மெத்தென்ற குமிழ்களும், வளைத்தால் வளைகிற பழைய பொம்மைச் சிப்பாய்களும் அந்த வகை. பிஎஸ், அதாவது பாலிஸ்டைரின், என்றால் வெட்டி எறியும் சட்டத்திலேயே ஒரு துளி விட்டுப் பாருங்கள். சட்டம் கைவசம் இல்லையா? அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று போட்ட பாட்டிலும் பாலிஸ்டைரின்தான், யாகுல்ட் குப்பி அப்படித்தான். ஒட்டிப் பார்த்து, ஒரு நாள் காயவிட்டு, உடைத்துப் பாருங்கள். இணைப்பை விட்டுவிட்டு வேறிடத்தில் உடைந்தால் தேறியது. பெயின்ட் அடித்த விளிம்பைச் சுரண்டாமல் சோதித்துவிட்டு திரவத்தைக் குறை சொல்லாதீர்கள்.

இந்தத் தர்க்கம் பாத்திரத்துக்கும் பொருந்தும் என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. காப்பிக்கடையிலிருந்து வந்த வெள்ளை நுரைக் குவளையைக் கழுவி அசிட்டோனை ஊற்றினேன். நுரையும் பாலிஸ்டைரின்தானே! அடி கழன்று, மேசை வார்னிஷோடு சேர்ந்து ஒரு வெள்ளைத் தோசை ஆகிவிட்டது. இன்றுவரை அந்த இடத்தில் ஒரு தட்டுவிரிப்பு இருக்கிறது. கண்ணாடிக் குப்பிதான் சரி.

நம் வீடுகளுக்கே உரிய தவறுகளும் உண்டு. ஏர்கான் ஓடுகிறது, காற்று சுழல்கிறது என்று கதவைச் சாத்திக்கொண்டு ஒட்டுவார்கள். அது அறைக் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. வீட்டுக்குள் கட்டியிருக்கும் பதுங்கறையான பாம் ஷெல்டரைப் பட்டறையாக்குவது அதைவிட மோசம். பியூட்டைல் அசிட்டேட்டின் ஆவி தீப்பற்றும் வெப்பநிலை ஏறக்குறைய 22 டிகிரி, அசிட்டோனுக்குச் சுழியத்துக்கும் கீழே 20. சிங்கப்பூரில் நம் அறை 22-க்குக் கீழே போவது அரிது. அதாவது பாட்டில் திறந்திருக்கும் நேரமெல்லாம் பற்றத் தயார். ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோரமாகவே பரவும். சாமி மேடையில் விளக்கு எரியும்போது கூடத்தில் ஒட்டாதீர்கள். நனைந்த டிஷ்யூவை உடனே குப்பைத் தொட்டிக் குழாயில் போடாமல், சன்னலோரம் உலர்ந்தபிறகு போடுங்கள்.

ஜப்பானுக்கோ சென்னைக்கோ போகிறவர்களிடம் சொல்லிவிடலாமே என்று கேட்பீர்கள். தீப்பற்றும் திரவம் என்பதால் விமானத்தில் கைப்பையிலும் ஆகாது, பெட்டியிலும் ஆகாது, வான் அஞ்சலிலும் ஆகாது. பள்ளிப் பிள்ளையைத் தனியாகத் தின்னர் வாங்க அனுப்புவதும் வேண்டாம். பசை முகரும் பழக்கத்துக்கு எதிராக 1987-லேயே இங்கே சட்டம் வந்துவிட்டது, கடைக்காரர் இரண்டு முறை பார்ப்பார்.

அக்கா மகன் கடைசியில் லிமோனின் வாங்கினான். இறக்கை நின்றுவிட்டது. இரண்டு நாள் கழித்து மறுபடி அழைப்பு: "மாமா, விமானி அறைக் கண்ணாடி மூடிக்கும் இதையே போடவா?" வேண்டாமடா என்றேன். எந்தக் கரைப்பானும் தெளிந்த பிளாஸ்டிக்கில் மயிரிழை விரிசல் விடலாம். பள்ளியில் காகிதம் ஒட்டும் வெள்ளைப் பசை போதும், காய்ந்தால் கண்ணுக்கே தெரியாது, வழிந்தால் ஈரத் துணியால் துடைத்துவிடலாம். அது அவன் தங்கச்சியின் பென்சில் பெட்டியிலேயே இருந்தது.